4 ஜி.பி. ராம் போட்டும் குறைவாகக் காட்டுவது ஏன்?

கணினி மெதுவாக இயங்குகிறதே என்று ராமை 4 ஜி.பி.யாக உயர்த்துவோம். விண்டோஸோ 3.25 ஜி.பி. அளவுக்குத்தான் பயன்படும் என்று காட்டும். ராம் பழுது என்று கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் காரணம் 32 பிட் இயங்குதளம்தான்.

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் தேவை. 32 பிட்டில் அமையும் முகவரிகள் மொத்தம் 4,294,967,296. அதாவது 4 ஜி.பி. இதில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் ராமுக்கு. வீட்டுக் கணினியின் 32 பிட் விண்டோஸில் 8 ஜி.பி. போட்டாலும் இதே நிலைதான்.

64 பிட்டில் இந்தத் தடை இல்லை. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் 16 ஜி.பி., விண்டோஸ் 10 ஹோம் 128 ஜி.பி. வரை ஏற்கும்.

ராம் வாங்கும் முன் 'திஸ் பிசி' மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'சிஸ்டம் டைப்' என்ன என்று பாருங்கள். இயங்குதளம் 32 பிட், பிராசஸர் எக்ஸ்64 என்றிருந்தால் 64 பிட்டுக்கு மாறலாம். ஆனால் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். எனவே குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.