சோப்பு விற்ற கதையும் எலன் ஹாலியும்

அமெரிக்காவில் பகல் நேரத் தொடர்களுக்குப் பெயர் ‘சோப் ஓப்பரா’. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சோப்பு விற்கத்தான் கதை. வீட்டுப் பெண்களைக் குறிவைத்து, புராக்டர் அண்ட் கேம்பிள் மாதிரி சோப்புக் கம்பெனிகள் காசு போட்டு, 1930களில் வானொலியில் வளர்த்த சரக்கு இது. அதற்கு அடித்தளம் போட்டவர் சிகாகோவின் இர்னா பிலிப்ஸ். இவர் பாத்திரங்களாகத் தானே பேசி நடிப்பார்; பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். 1937இல் அவர் தொடங்கிய ‘கைடிங் லைட்’, தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை ஓடியது.

அவரிடம் வசனம் எழுதித் தொழில் படித்தவர் ஆக்னஸ் நிக்சன் என்ற வெள்ளையினப் பெண். 1968இல் ஏபிசி தொலைக்காட்சியில் ‘ஒன் லைஃப் டு லிவ்’ தொடரைத் தொடங்கினார். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட வருஷம் அது.

அதே வருஷம் எலன் ஹாலி என்ற நாடக நடிகை ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். வெளுத்த தோல் கொண்ட கறுப்பினப் பெண் அவர். கறுப்பச்சி என்பதால் வெள்ளைக்காரி வேஷம் கிடையாது. கறுப்பு பத்தாது என்பதால் கறுப்பச்சி வேஷமும் கிடையாது. இதைப் படித்துத்தான் நிக்சன் அவரைக் கூப்பிட்டார்.

கொடுத்த வேஷம் கார்லா பெனாரி. இத்தாலிய வம்சம் என்று சொல்லிக்கொண்டு வெள்ளையர் நடுவில் வாழ்கிறவள். பார்க்கிற சனங்களுக்கும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் ஒரு கறுப்பின டாக்டரை முத்தமிட்டதும் டெக்சாஸில் ஒரு நிலையம் தொடரையே நிறுத்தியது. பல மாதம் கழித்துத்தான் சேடி கிரே என்ற கறுப்பினத் தாயின் மகள் இவள் என்று வெளிப்பட்டது. தாயாக நடித்தவர் லில்லியன் ஹேமன்.

சொந்த ஊரைச் சொன்னால் சேரி தெரிந்துவிடும் என்று பக்கத்து டவுன் பேரைச் சொல்லி வாடகைக்கு வீடு பிடிக்கிற நம்மாளுங்களுக்கு இதை விளக்கணுமா? ஊர்லருந்து அம்மா வந்து நின்னா என்ன ஆவும் என்கிற பயம் நமக்குத் தெரியாததா?

கதை சனங்களைப் பிடித்துக்கொண்டது. தொடர் காலூன்றியது. அப்புறம்?

இந்தத் தொழிலில் கதை தலைமை எழுத்தாளர் கையில். அவர் வகுத்த சுருக்கத்தை வைத்து மற்றவர்கள் வசனம் எழுதுவார்கள். அந்தத் தாளில் பேர் வருகிற வரைக்கும்தான் நடிகருக்குப் பிழைப்பு. தொடர் நிற்கக் காரணமான தனக்குக் கொடுத்த கூலி குறைவு, நடத்திய விதம் கேவலம் என்று ஹாலி பின்னால் எழுதினார். 1980களின் நடுவில் அவரையும் அனுப்பிவிட்டார்கள், ஹேமனையும் அனுப்பிவிட்டார்கள்.

நிக்சனின் துணிச்சலை யாரும் மறுக்க வேண்டாம். 2010இல் வாழ்நாள் சாதனைக்கான பகல்நேர எம்மி விருதும் அவருக்குக் கிடைத்தது. ஹாலி நூலக வேலைக்குப் போனார். 1996இல் தன் வரலாற்றைத் தானே எழுதினார். தொடரின் பேரில் பாதியை எடுத்து ‘ஒன் லைஃப்’ என்றே அதற்குப் பேர் வைத்தார். 2023இல், 92 வயதில் இறந்தார். கார்லாவின் கதையை எழுதியவர்கள் பல பேர். அவளாக நடித்தவளுக்கு நேர்ந்ததை எழுத, அந்த நடிகையே பேனா எடுக்க வேண்டியிருந்தது.