இலை வீசும் ஒளி

சரித்திரம் என்றால் ராஜாக்களின் சரித்திரம் என்றே படித்து வளர்ந்தோம். ஓர் இலைக்கும் சரித்திரம் உண்டு. அதில் வருகிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன், கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகிய ஓர் அநாதைப் பையன்.

முந்தியவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வான் ஹெல்மான்ட் 200 ராத்தல் மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தலாயிற்று. மண்ணில் குறைந்ததோ சுமார் இரண்டு அவுன்ஸ்! மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி நல்லதாக்குவதை 1771-ல் பிரீஸ்ட்லி கண்டார். பச்சை இலைக்கு அந்தச் சக்தி வெயிலில்தான் உண்டு என்று 1779-ல் இங்கன்ஹவுஸ் காட்டினார்.

இனி நம் பையன். பெயர் ஃபிரான்ஹோஃபர். 1801-ல் மியூனிக்கில் பட்டறை வீடு இடிந்து விழுந்தது. அவனை உயிரோடு மீட்டார்கள். பிழைத்து வளர்ந்தவர், 1814-ல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, இடையிடையே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் கண்டு குறித்துவைத்தார்.

அதற்கும் இலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குடித்த வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கை இலை சிவந்த ஒளியாக வெளியே விடுகிறது. பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. ஆனால் அந்தக் கறுப்புக் கோடுகளில் சூரிய ஒளி குறைவல்லவா? இருண்ட தெருவில் அகல்விளக்கு தெரிகிற மாதிரி, அங்கே இலையின் ஒளி தெரிந்துவிடுகிறது.

2009-ல் ஜப்பான், கரியமில வாயுவை அளக்க 'இபுகி' என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் அளவைகளிலிருந்தே 2011-ல் உலகம் முழுவதற்கும் இலையொளிப் படம் வரைந்தார்கள். பயிர் உச்சத்தில் நிற்கும் மாதத்தில், அமெரிக்க மக்காச்சோளப் பிரதேசத்தின் ஒளி அமேசான் காட்டைவிட 40 சதவீதம் அதிகம் என்று 2014-ல் தெரிந்தது. இலைகளை ஒவ்வொன்றாகக் கருவியில் கவ்வி அளந்த உணவாக்கும் திறனை, இலைப்பச்சையின் அளவோடு இந்த ஒளியையும் சேர்த்துக் கணக்கிட்டு, இப்போது தேசம் தேசமாகக் குறிக்கிறார்கள்.

பயிர் மஞ்சளித்த பிறகுதான் நம் கண்ணுக்கு அதன் கஷ்டம் தெரியும். தண்ணீர் தட்டினால், பச்சை மாறுமுன்பே இந்த ஒளி மங்கக்கூடும். எங்கே விளைச்சல் பொய்க்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க அது ஒரு வழி. ஆனால் படம் தானியம் அனுப்பாது. அதை மனிதர்கள்தான் செய்யவேண்டும். தெரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இனி நமக்கு வழி குறைவு.