உருவம் துறந்தும் பாட்டைத் துறவாதோர்

இறைவன் ஒருவனே என்று கொண்டு, அவனுக்கு உருவம் ஏதும் கற்பியாமல் ஒன்றுகூடி வழிபடும் சபைகள் உலகின் பல பகுதிகளிலும் தோன்றியுள்ளன. அத்தகைய சபைகள் கலைக்குப் பகையானவை என்று கருதுவோர் பலர். சிலை இல்லாத இடத்தில் சிற்பிக்கு வேலை இல்லை. திருவிழா இல்லாத இடத்தில் நாதசுரத்திற்கும் தவிலுக்கும் வேலை இல்லை. ஆகவே அங்கே எஞ்சுவது வறண்ட சொற்பொழிவு மட்டுமே என்பது அவர்தம் எண்ணம். வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வெண்ணம் பொருந்தாமை புலனாகும். உருவத்தை விலக்கிய சபைகள் கலையை விலக்கவில்லை. கலையின் இடத்தையே மாற்றின. கண்ணுக்கு விருந்தாய் இருந்ததைச் செவிக்கு மாற்றின. ஒருவர் செய்ய மற்றவர் காண்பதாய் இருந்ததை எல்லாரும் சேர்ந்து செய்வதாய் மாற்றின. இதற்குச் சான்றாகச் சென்னையையும் கல்கத்தாவையும் வடலூரையும் கண்டு, பின்னர் நம் பேராக் மாநிலத்துத் தோட்டங்களுக்கு வருவோம்.

புரசைவாக்கத்துச் சபை

கிறித்தவருள் தந்தை, மைந்தன், தூய ஆவி என்னும் மும்மைக் கோட்பாட்டை ஏலாது, கடவுள் ஒருவரே என்று கொண்டவர் யூனிடேரியன் எனப்பட்டனர். இலண்டனில் தியோபிலஸ் லின்ட்சே என்பார் 1774ஆம் ஆண்டில் இக்கொள்கைக்கெனத் தனி வழிபாட்டிடம் கண்டார். மும்மையை மறுத்துப் பேசுவது குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1813ஆம் ஆண்டுவரை நீங்கவில்லை. அவ்வாறிருக்க, 1795ஆம் ஆண்டிலேயே சென்னையில் தமிழர் ஒருவர் இக்கொள்கைக்கு ஒரு சபை நிறுவினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அவர் பெயர் வில்லியம் ராபர்ட்ஸ். பிறந்தபோது இட்ட பெயர் திருவேங்கடம். அடிமையாகவும் பணியாளாகவும் இளமையைக் கழித்தவர். இங்கிலாந்துக்குச் சென்று மீண்டவர். அங்கிருந்து எந்தச் சமயப் பரப்பாளரும் வந்து அவர் சபையைத் தொடங்கித் தரவில்லை. தாமே படித்தார், தாமே தெளிந்தார், தம்மைப் போன்ற எளியோரைக் கூட்டினார். 1813ஆம் ஆண்டில் புரசைவாக்கத்தில் அச்சபைக்கு ஒரு சிறு கோயில் எழுந்தது. 1838ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அவர் மகன் அப்பணியைத் தொடர்ந்தார்.

ராபர்ட்ஸ் கையாண்ட கலை எது? அது தமிழ் உரைநடை. சபையார் கூடி ஓதுவதற்கான வழிபாட்டு முறையையும், கொள்கை விளக்கும் சிறு நூல்களையும் அவர் தமிழில் ஆக்கினார். உரைநடை இன்னும் தன் கால்களில் உறுதியாக நின்றிராத காலம் அது. கல்லூரி காணாத ஒருவர், நுண்ணிய சமயக் கருத்துகளைப் பணியாளரும் கூலியாளரும் தம் வாயால் சொல்லக்கூடிய தமிழாக மாற்ற முனைந்தார். தன் மொழியில் வேண்டுதல் செய்யும் உரிமையை ஒருவனுக்குத் தருவதும் கலைப்பணியே ஆகும்.

அதே காலத்தில் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864) வேறு வழி சென்றார். அவர் யூனிடேரியன் அல்லர், மும்மைக் கோட்பாட்டினர். எனினும் குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஒருவர் சொல்லைத் தமிழாக்கினார். மற்றவர் பண்ணையும் வடிவத்தையும் தமிழிலிருந்தே எடுத்தார். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடும்போது என்ன நிகழும் என்பதைப் பின்னர் வடலூரில் காண்போம்.

கல்கத்தாவின் பாட்டு

வங்கத்தில் இராசாராம் மோகன்ராய், வில்லியம் ஆடம் என்பவரோடு சேர்ந்து 1821ஆம் ஆண்டில் கல்கத்தா யூனிடேரியன் குழுவை அமைத்தார். ஆடம், ராயோடு வாதிட்டுப் பழகிய பின் மும்மைக் கோட்பாட்டைக் கைவிட்டவர். அக்குழு நெடுநாள் தழைக்கவில்லை. ஆங்கிலத்தில் நடந்த வழிபாடு வங்காளியின் நெஞ்சைத் தொடவில்லை என்பதை உணர்ந்தோர், தம் மண்ணின் மொழியிலும் மறையிலும் ஊன்றிய ஒரு சபையை நாடினர். 1828ஆம் ஆண்டில் பிரம்ம சபை பிறந்தது. 1830ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் அதற்கெனத் தனிக் கட்டடம் திறக்கப்பட்டது.

அக்கட்டடத்தின் அறக்கட்டளை ஆவணம் கருதத்தக்கது. சிலை, செதுக்கு வேலை, ஓவியம், உருவப்படம் ஆகிய எதுவும் உள்ளே வரலாகாது என்று அது விதித்தது. அதே ஆவணம் வேண்டுதலையும் துதிப்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. ஒரு வாயிலை அடைத்தவர்கள் மற்றொரு வாயிலைத் திறந்தே வைத்தனர். சபையின் பாடகராகிய விஷ்ணு சக்கரவர்த்தி, துருபத் என்னும் பழைய இசைமரபில் தேர்ந்தவர். பிற்காலத்தில் அவரிடம் இசை பயின்ற சிறுவருள் ஒருவர் இரவீந்திரநாத் தாகூர். பிரம்ம சங்கீதம் என்னும் அப்பாடல் மரபில் வளர்ந்த தாகூர், 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றதை யாவரும் அறிவர். அவர் 1927ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தபோது நம் ஈப்போவிலும் கால் வைத்தார். உருவம் விலக்கிய ஒரு சபையின் பாட்டிலிருந்து எழுந்த குரல், ஈய நகரம் வரை வந்தது.

வடலூரில் விளைந்தது

1864ஆம் ஆண்டில் கேசவ சந்திர சென் சென்னைக்கு வந்தார். அதன் பயனாய் அங்கே வேத சமாசம் தோன்றியது. அடுத்த ஆண்டாகிய 1865இல் இராமலிங்க அடிகள் தம் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். காலம் ஒட்டி வந்தமையால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கொள்ளுதல் பிழையாகும். அடிகளின் வேர் தேவாரத்திலும் திருவாசகத்திலும் தாயுமானவரிலும் ஊன்றியது. இளமையில் கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர் ஈசனையும் உருகிப் பாடியவர், முதிர்ந்த நிலையில் அருட்பெருஞ்சோதியைப் பாடினார். உருவத்திலிருந்து ஒளிக்குச் சென்ற அப்பயணம் முழுவதும் பாட்டிலேயே நிகழ்ந்தது. திருவருட்பாவின் முதற்பகுதி 1867ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் அச்சேறியது.

அவ்வாண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் தருமசாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் பசித்தோர்க்குச் சோறு ஆக்கி வருகிறது. 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. எண்கோண வடிவாய் அமைந்த அக்கட்டடத்தில் தெய்வச் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும் உண்டு. அவற்றை மறைத்து ஏழு வண்ணத் திரைகள் உண்டு. தைப்பூசத்தன்று திரைகள் ஒவ்வொன்றாய் விலக, ஒளி முழுமையாய்த் தோன்றும். அறியாமை படிப்படியாய் நீங்க, உள்ளொளி விளங்கும் என்னும் கருத்தைக் கல்லாதவரும் ஒரு நொடியில் உணர்வர். நூறு சொற்பொழிவு செய்ய இயலாததை ஏழு திரைகள் செய்கின்றன. கட்டடக் கலையும் வண்ணமும் ஒளியும் அங்கே தத்துவத்திற்கு உரையாசிரியர் ஆயின.

1872ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அடிகள் வகுத்த வழிபாட்டு விதிகளும் நோக்கத்தக்கவை. உள்ளே சென்று தூய்மை செய்வோர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவோ இருத்தல் வேண்டும், துதி மெல்லெனச் செய்தல் வேண்டும், ஆரவாரம் கூடாது. பாடகரின் திறமை அன்று, பாடுவோரின் அடக்கமே அங்கே அளவுகோல்.

இலக்கியம் கற்பிப்போர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. அகவலில் 1596 அடிகள் பாடிய அதே அடிகள், கொம்மி, பந்தாட்டம், சங்கூதல், சின்னமூதல் முதலிய எளிய வடிவங்களிலும் பாடினார். புலவர்க்கு மட்டும் எட்டும் கலையை அவர் நாடவில்லை. வயலிலும் முற்றத்திலும் வாழ்ந்த வடிவங்களை எடுத்து அவற்றுள் தம் உயர்ந்த கருத்தைப் பெய்தார். ராபர்ட்ஸின் எளிய சொல்லும், வேதநாயகரின் நாட்டு வடிவமும் தேடியது எதுவோ, அது வடலூரில் முழுமை பெற்றது எனலாம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இப்பாடல்களை அருட்பா எனல் ஆகாது என்று எதிர்த்தமையும் ஈண்டு மறக்கற்பாலது அன்று. முன்னோர் பாடிய திருமுறையோடு புதியவர் பாட்டையும் சபையில் வைக்கலாமா என்பதே அப்பூசலின் உயிர்நாடி. பாட்டு வெறும் அணிகலன் ஆயின், அதன்பொருட்டு அத்தனை பெரிய அறிஞர்கள் போரிட்டிருப்பார்களா?

பால்மரக் காட்டில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் பேராக் மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் பரவின; தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் வந்து லயங்களில் குடியேறினர். அவர்கள் கையில் பொருள் இல்லை. நெஞ்சில் பாட்டு இருந்தது. கோயில் எழுப்பக் கல் கிடைக்காத இடத்திலும் பஜனை நடந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பகலெல்லாம் பால் வெட்டிய கைகள் இரவில் தாளம் தட்டின. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமாவளியும், கோடையில் மாரியம்மன் தாலாட்டும் கும்மியும் ஒலித்தன. இவர்கள் உருவ வழிபாட்டினர். யூனிடேரியன் கொள்கையை அறியாதவர். எனினும் சபை என்பதன் உட்பொருளை அவர்களிடம் கற்கலாம். எல்லாரும் பாடினர், கேட்போர் என்று தனியே ஒரு கூட்டம் இல்லை.

ஒருமை வழிபாட்டின் பெருங்கருத்தும் இந்நாட்டை எட்டாமல் போகவில்லை. சுவாமி சத்தியானந்தர் 1950ஆம் ஆண்டையொட்டிக் கோலாலம்பூர் அருகே நிறுவிய சுத்த சமாசம், எல்லாச் சமயங்களையும் மதித்து வழிபடும் இடமாய் விளங்கியது. சுவாமி சாந்தானந்த சரசுவதியின் ஊக்கத்தால் 1981ஆம் ஆண்டில் தோன்றிய நுண்கலைக் கோயில், ஆடலையும் இசையையுமே வழிபாடாகக் கொண்டது. உணவையும் அன்போடு இட்டு, விரும்பியதைத் தருக என்றது. அடுப்பும் பாட்டும் ஒருங்கே இருக்கும் அவ்வமைப்பில் வடலூரின் சாயலைக் காணலாம். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்தன்று காவடியும் உறுமியும் முழங்கும் அதே நாளில், கடலுக்கு அப்பால் வடலூரில் ஏழு திரைகள் விலகுகின்றன. ஒன்று முழக்கம், மற்றொன்று மௌனம். இரண்டும் கூட்டு வழிபாடே.

ஆயின் இன்று நிலைமை என்ன? 1950ஆம் ஆண்டுகளிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது. பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயம் கலைந்தபோது பஜனையும் கலைந்தது. நகரத்து அடுக்குமாடியில் பத்துத் தோட்டத்தார் வாழ்கின்றனர். பத்துத் தோட்டத்துப் பாட்டும் அங்கே இல்லை. கோயிலை இடம் மாற்றலாம். பள்ளியையும் இடம் மாற்றலாம். பாடும் கூட்டத்தை எந்த வண்டியில் ஏற்றுவது?

மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழா, இவ்விழப்பை ஒரு பங்கு தடுத்து நிறுத்தியுள்ளது. பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பண்ணறிந்து ஓதக் கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. எனினும் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். போட்டி என்பது ஒருவரை மேடையேற்றி, மற்றவரைக் கேட்போர் ஆக்குவது. குரல் வளம் உள்ள நான்கு பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்றிவிட்டு, மற்ற முப்பது பேரை வாய்மூடி இருக்கச் செய்தால், பாட்டு பிழைக்கும், சபை பிழைக்காது. புரசைவாக்கத்தில் பணியாளர் வாய்திறந்தனர். வடலூரில் சிறுவரும் முதியவரும் முன்னிற்க இடம் பெற்றனர். தோட்டத்துப் பஜனையில் குரல் கரகரத்தவரும் பாடினர். இம்மூன்று வரலாறுகளும் ஒருமுகமாய்க் கூறுவது இதுவே.

ஆகவே தமிழ்ப்பள்ளிகளில் நாம் செய்யத்தக்கது பெரிதன்று. காலைக் கூட்டத்தில் நாள்தோறும் ஒரு பாடலைப் பள்ளி முழுவதும் சேர்ந்து பாடுக. பிழையாய்ப் பாடும் பிள்ளையை நிறுத்தற்க. மாணவர் தம் பாட்டியிடம் தோட்டத்தில் பாடிய பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதி வருக. அதை வகுப்பு முழுவதும் பாடிப் பார்க்குக. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.