பழைய படக்கருவியும் அதன் துணைப்பொருள்களும்

ஒரு கருவியின் வாழ்நாளை அறுதியிடுவது அக்கருவி மட்டுமன்று. அதற்குத் துணைநிற்கும் பொருள்களுமாம். விளக்குப் பழுதற்றிருந்தும் எண்ணெய் இல்லையேல் ஒளி ஏது? சிறிய மின்னிலக்கப் படக்கருவியின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும்.

1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் மின்னிலக்கப் படக்கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம். 10,000 படப்புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி சென்றது. 1995இல் ஜப்பானில் கேசியோ கியூவி-10 வெளிவந்தது. எடுத்த படத்தைப் பின்புறத் திரையில் உடனே காட்டியது அதன் சிறப்பு. ஆயின், படங்கள் கருவிக்குள்ளேயே தங்கின. 96 படங்களோடு இடம் தீர்ந்தது.

கழற்றி மாட்டும் நினைவு அட்டைகள் இக்குறையைப் போக்கின. எனினும், அவற்றால் வேறொரு சிக்கல் விளைந்தது. 2002இல் ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் எக்ஸ்டி என்னும் அட்டையைக் கொணர்ந்தன. சில ஆண்டுகளில் அவையே எஸ்டி அட்டைக்கு மாறின. எஸ்டி அட்டையிலும் 2006இல் எஸ்டிஎச்சி என்னும் புதுமுறை புகுந்தது. அதற்கு முந்திய கருவிகள் பல, 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டைகளை ஏற்கமாட்டா.

2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட மின்னிலக்கப் படக்கருவிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. கைத்தொலைபேசி அவ்வேலையை ஏற்றபின், 2020இல் அத்தொகை ஒரு கோடிக்கும் கீழே சென்றது. ஒதுக்கப்பட்ட அக்கருவிகளையே இன்று இளையோர் சிலர் விரும்பித் தேடுகின்றனர்.

வாங்குவோர் எதனை நோக்கவேண்டும்? 2005இல் வந்த குறைந்த விலைக் கருவியான கேனன் பவர்ஷாட் ஏ520-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கடையில் கிடைக்கும் ஏஏ மின்கலம் இரண்டே போதும், அட்டையோ எஸ்டி. ஆகவே அது இன்றும் இயங்கும். தனி வடிவ மின்கலமும் எக்ஸ்டி அட்டையும் வேண்டுகின்ற கருவிக்கு அவ்வாய்ப்பு அரிது. மின்கல அறையைத் திறந்து நோக்குக. உப்புப் பூத்திருப்பின் விலக்குக. வில்லை தடையின்றி வெளிவருகிறதா என்று இயக்கிப் பார்க்க. 40 இலட்சம் படப்புள்ளிகளே ஆயினும், நல்ல வெயிலில் படம் தெளிவாக அமையும். மங்கிய ஒளியில் குறையும்.

வாங்குவதினும் இன்றியமையாத கடமை ஒன்றுண்டு. இல்லங்களில் பழைய அட்டைகள் கிடக்கக்கூடும். அவற்றுள் மறைந்த பெரியோரின் முகங்களும் இருக்கலாம். அவற்றைப் படிக்கும் கருவி அருகிவருகிறது. ஏடு சிதையுமுன் படியெடுத்ததனாலன்றோ பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன? அந்நெறியே ஈண்டும் வேண்டுவது.