ஜனாதிபதியின் மன்னிப்பு: யாருக்கு, யாரைக் கேட்டு?

உரும்பிராய் மண்ணில் பொன். சிவகுமாரனின் சிலை நிற்கிறது. 1970களின் தொடக்கத்தில் பலமுறை கைதாகி விடுதலையான அந்த இளைஞர், 1974 ஜூன் 5 ஆம் திகதி கோப்பாயில் பொலிஸார் சுற்றி வளைத்தபோது சயனைட் அருந்தி உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 23. தீர்ப்பு, மேன்முறையீடு, கருணை மனு என்ற படிகளில் எதையும் அவர் எட்டவில்லை, எட்ட விரும்பவுமில்லை.

அதே 1974 இன் இறுதியில் இன்னொரு கிளர்ச்சியாளருக்குக் கொழும்பில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் ரோஹண விஜேவீர. 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தபோது அவர் யாழ்ப்பாணச் சிறையில்தான் அடைக்கப்பட்டிருந்தார். அவரை மீட்க அவருடைய தோழர்கள் யாழ்ப்பாணம் வரை வந்து தோல்வியுற்றனர். ஆனால், அவர் ஆயுள் முழுவதும் சிறையில் கழிக்கவில்லை. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்ததும் விடுதலையானார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளராகவும் நின்றார். ஆயுதக் கிளர்ச்சியொன்றின் தலைவரைக்கூட அரசு மன்னித்து அரசியலுக்குள் வரவிடலாம் என்பதற்கு இது சான்று. இதே தாராளம் தமிழருக்கும் காட்டப்பட்டதா என்பதே நம் கேள்வி.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை, மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடம் ஒப்படைக்கிறது. மரண தண்டனைக் கைதியாயின் சில படிகளைக் கடக்க வேண்டும். வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை பெறப்பட்டு, சட்டமா அதிபரின் ஆலோசனைக்கும், பின்னர் நீதி அமைச்சரின் பரிந்துரைக்கும் உட்பட்டே ஜனாதிபதியிடம் செல்ல வேண்டும். அதே உறுப்புரையின் இன்னொரு பிரிவு அரசியல்வாதிகளுக்கு மிகவும் வாய்ப்பானது. வாக்களிக்கவும் நாடாளுமன்றம் செல்லவும் தகுதி இழந்தவர்களுக்கு அந்தத் தகுதியை மீட்டுக் கொடுக்கவும் ஜனாதிபதியால் இயலும்.

இந்த அதிகாரம் எவ்வாறு பயன்பட்டது என்பதற்குச் சிறீமாவோ பண்டாரநாயக்கவின் கதையே முதற்பாடம். 1980 ஒக்டோபரில் ஏழாண்டுகளுக்கு அவரது குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. இதனால் 1982 ஜனாதிபதித் தேர்தலில் ஜே. ஆரை எதிர்த்து அவரால் போட்டியிட முடியவில்லை. தேர்தல் கடந்து, ஆபத்து நீங்கியபின், 1986 ஜனவரியில் அதே ஜே. ஆர். அவருக்கு மன்னிப்பு வழங்கி உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். சரத் பொன்சேகா 2012 மே மாதம் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஆயினும், ஆட்சி மாறிய பிறகு 2015 ஜனவரியில்தான் முழுமையான மன்னிப்பைப் பெற்றார். ரஞ்சன் ராமநாயக்க 2022 ஓகஸ்டில் விடுதலையானபோது கிடைத்ததோ நிபந்தனையுடனான மன்னிப்பு மட்டுமே. மன்னிப்பின் அளவும் காலமும் ஆட்சியாளரின் தேவையைப் பொறுத்தே அமைந்தன.

இனித் தமிழர் பக்கம் வருவோம். மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த குட்டிமணியை 1982 ஒக்டோபரில் தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக நியமித்தது. சத்தியப்பிரமாணம் செய்துகொள்ள அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அரசுக்குப் பெருந்தன்மை காட்டவும், அரசியல் வழியைத் திறந்து வைக்கவும் கிடைத்த அரிய தருணம் அது. அது கைநழுவியது. 1983 ஜூலை 25 ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே அவர் கொல்லப்பட்டார். அன்றும் 27 ஆம் திகதியும் அங்கு கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் 53 பேர்.

ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு, எழுதிய கட்டுரைகளுக்காக, 2009 ஓகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா வரை அவருக்காகக் குரல் கொடுத்திருந்தனர். 2010 மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, அவருக்கு மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. உலகம் பெயரறிந்த ஒருவருக்கு அது வாய்த்தது. பெயரறியாத பலர் அதே சட்டத்தின் கீழ்த் தொடர்ந்து சிறையில் கிடந்தனர்.

மிருசுவிலுக்கு வந்தால் படம் தெளிவாகிறது. 2000 டிசம்பர் 19 ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த நிலையில் தங்கள் வீடுகளைப் பார்க்கச் சென்ற எட்டுப் பேர் அங்கு படுகொலை செய்யப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுப் பாலகனும் உண்டு. உயிர்தப்பிய ஒருவரின் சாட்சியத்தின் வலுவில், 2015 இல் இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இருபதாண்டு காத்திருப்பின் பயனை, 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு வேளையில், ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ ஒரு கையெழுத்தால் இல்லாமற் செய்தார்.

அடுத்த ஆண்டு, 2021 ஜூன் 24 ஆம் திகதி, பொசன் மன்னிப்பில் தமிழ்க் கைதிகள் 16 பேர் விடுதலையாயினர். அன்றே, கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் வெளியே வந்தார். சில வாரங்களில் அரச நிறுவனமொன்றின் தலைவராகவும் ஆனார். அந்தப் பதினாறு பேரின் விடுதலை துமிந்தவின் விடுதலைக்குப் போர்வையாக விரிக்கப்பட்டது என்று பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

2024 ஜனவரி 17 ஆம் திகதி உயர் நீதிமன்றம் துமிந்தவின் மன்னிப்பை இரத்துச் செய்தது. அது தன்னிச்சையானது என்பது தீர்ப்பு. அதே ஆண்டு ஜூன் மாதம், ரோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்கு மைத்திரிபால சிறிசேன 2019 இல் வழங்கிய மன்னிப்பும் இரத்தானது. முன்னாள் ஜனாதிபதி இழப்பீடு செலுத்தவும் பணிக்கப்பட்டார். ஜனாதிபதியின் பேனா சட்டத்துக்கு மேற்பட்டதன்று என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

ஆனால், சட்டப்படி செய்யப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு மன்னிப்பு நியாயமாகிவிடாது. 2022 தீபாவளி வேளையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க எட்டுத் தமிழ்க் கைதிகளுக்கு மன்னிப்பளித்தார். 1999 இல் சந்திரிகா குமாரதுங்கவைக் கொல்ல முயன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்தத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த சந்திரிகாவின் இசைவு முன்கூட்டியே பெறப்பட்டது. அவரும் இசைந்தார்.

பாதிக்கப்பட்டவரைக் கேட்டுச் செய்யும் மன்னிப்பு இலங்கையில் இயலாத காரியமன்று என்பதற்கு இதுவே ஆதாரம். முன்னாள் ஜனாதிபதியிடம் கேட்க முடிந்த அந்த ஒரு வார்த்தையை, மிருசுவிலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 34 ஆம் உறுப்புரை நீதிபதியையும் சட்டமா அதிபரையும் அமைச்சரையும் கேட்கச் சொல்கிறது. இழந்தவரைக் கேட்கச் சொல்லவில்லை. புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேசுவோர் முதலில் இந்த ஒரு வரியையாவது அதில் சேர்க்கட்டும்.