லில்லிக் குடும்பத்தின் பாகப்பிரிவினை

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் தள்ளுவண்டி வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பஞ்சமில்லை. கடை வாசலில் திருஷ்டிக்காகச் சோற்றுக்கற்றாழையைத் தலைகீழாகக் கட்டியிருப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு கிடைக்கும். சர் ஜோசப் ஹூக்கரின் ‘பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள்’ நூலின் ஆறாம் தொகுதியில் லிலியேசி பகுதி வெளிவந்த 1892-ல் இந்தச் செடிகளின் பேரினங்கள் எல்லாம் அந்த ஒரே குடும்பத்துக்குள் இருந்தன. இன்று அவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. வெங்காயமும் பூண்டும் அமரில்லிடேசிக்கும், கற்றாழை அஸ்போடெலேசிக்கும், தண்ணீர்விட்டான் அஸ்பராகேசிக்கும் போய்விட்டன. செடிகள் மாறவில்லை, உறவு என்று எதைக் கொள்வது என்ற அளவுகோல்தான் மாறியது. அது மாறிய வழியை, தென்னிந்தியச் செடிகளை முன்னிறுத்தி, இக்கட்டுரை பின்தொடர்கிறது.

எண்ணிக்கையில் தொடங்கியது

1753-ல் லின்னேயஸ் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலில் குடும்பம் என்ற அலகே கிடையாது. மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்பும், சூல்தண்டுகளை எண்ணி அதன் உட்பிரிவும் அமைத்தார். லில்லி, காந்தள், வெங்காயம், கற்றாழை, ஆனைக்கற்றாழை, சம்பங்கி அனைத்தும் ஆறு மகரந்தத்தாளும் ஒரு சூல்தண்டும் கொண்டவை என்பதால் ஓரிடத்தில் சேர்ந்தன. ஆறு மகரந்தத்தாள் இருப்பதால் நெல்லும் அதே வகுப்பில்தான் இருந்தது. சூல்தண்டு கணக்கில் மட்டும் பக்கத்துப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. லின்னேயஸ் தேடியது செடியைக் கண்டுபிடிக்க உதவும் ஓர் அட்டவணை. உறவுமுறையை அந்த அட்டவணையில் தேடுவது அவருக்கு அநியாயம் செய்வதாகும்.

லிலியேசி என்ற குடும்பப் பெயருக்கு மூலவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லொரான் த ஜுசியூ. 1789-ல் வந்த அவருடைய ‘ஜெனெரா பிளாண்டாரம்’ ஒரே உறுப்பை நம்பாமல் பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்தது. பிற்காலப் பாடநூல்கள் இதில் ஒன்றைச் சொல்வதில்லை. ஜுசியூ லில்லிகளுக்கு ஒரு பிரிவு, அஸ்பராகஸ் கூட்டத்துக்கு ஒன்று, அஸ்போடெல் கூட்டத்துக்கு ஒன்று, நார்சிசஸ் கூட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் மரபணு ஆய்வாளர்கள் போட்ட வேலிகளில் சில, 200 ஆண்டுகளுக்கு முன்பே வெறுங்கண்ணால் போடப்பட்டவை.

பெந்தாம்–ஹூக்கரின் கூட்டுக்குடும்பம்

அந்த வேலிகளைப் பிடுங்கியவர்கள் ஜார்ஜ் பெந்தாமும் ஹூக்கரும். 1883-ல் வந்த அவர்களுடைய ‘ஜெனெரா பிளாண்டாரம்’ மூன்றாம் தொகுதியில் லிலியேசி 20 உட்குழுக்களோடு பெரிய கூட்டுக்குடும்பமாக நின்றது. சேர்க்கைக்கான தகுதி எளிது: மூன்று மூன்றாக இரு வட்டத்தில் ஆறு பூவிதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், மூன்று அறை கொண்ட சூற்பை, அந்தச் சூற்பை இதழ்களுக்கு மேலே இருத்தல். சூற்பை இதழ்களுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது அமரில்லிடேசி.

கடைசி விதிதான் வம்பு. சோற்றுக்கற்றாழைக்கு மேல்மட்டச் சூற்பை, ஆனைக்கற்றாழைக்குக் கீழ்மட்டச் சூற்பை. ஆகவே இரண்டும் வேறு வேறு குடும்பம். அந்த முடிவு சரிதான், காரணம்தான் தவறு. அதே விதி அமெரிக்க யுக்காவை லிலியேசியிலும், அதன் நெருங்கிய சொந்தமான ஆனைக்கற்றாழையை அமரில்லிடேசியிலும் போட்டது. நார் எடுக்கப் பயன்பட்ட மருளின் நிலை இன்னும் விசித்திரம். ஹூக்கரின் இந்திய நூலில் அது ஹீமோடோரேசியில் இருந்தது. இப்போது டிராசீனா பேரினத்தோடு கலந்து அஸ்பராகேசியில் இருக்கிறது. பால்கனித் தொட்டியில் அசையாமல் நிற்கும் செடி, ஏடுகளில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

இருந்தும் இந்தியாவில் இந்த முறையே நிலைத்தது. நம் ஊர்த் தாவர நூல்கள் இதே வரிசையில் எழுதப்பட்டன. கேம்பிள் தொடங்கி, அவர் 1925-ல் மறைந்தபின் ஃபிஷர் முடித்த ‘மதராஸ் மாகாணத் தாவரங்கள்’ இந்த வழியில் வந்தது. ஹெர்பேரியங்களின் அலமாரிகளும் இதே வரிசையில் அடுக்கப்பட்டன. கல்லூரிச் செய்முறைத் தேர்வில் வெங்காயப் பூவைப் பிளந்து, பூச்சூத்திரம் எழுதி, ‘லிலியேசி’ என்று முடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு.

பூங்கொத்தும் குரோமோசோமும்

முதல் பெரிய எதிர்ப்பு கியூ தோட்டத்து ஜான் ஹட்சின்சனிடமிருந்து 1934-ல் வந்தது. சூற்பையின் மட்டத்தைவிடப் பூக்கள் அமைந்திருக்கும் விதமே முக்கியம் என்றார் அவர். வெங்காயத்தாளின் நுனியில் ஒரு சவ்வுப்பை இருக்கும். அது கிழிந்ததும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிய காம்புகளோடு சிறு வெள்ளைப் பூக்கள் உருண்டையாக விரியும். விஷமூங்கில் என்னும் கிரைனத்திலும் அதே ஏற்பாடுதான்: இலையற்ற தண்டு, நுனியில் உறை, அதற்குள் குடைபோன்ற மஞ்சரி. ஆகவே வெங்காயத்தை லிலியேசியிலிருந்து எடுத்து அமரில்லிடேசியில் வைத்தார். அன்று பலர் இதை ஏற்கவில்லை. இன்றைய ஏற்பாடு கிட்டத்தட்ட அதுவே. யுக்காவையும் ஆனைக்கற்றாழையையும் சம்பங்கியையும் அவர் அகாவேசியில் ஒன்றுசேர்த்தார். தாவரவியலாளர்கள் மெக்கெல்வியும் சாக்ஸும் 1933-ல் காட்டியது இதற்கு வலுச் சேர்த்தது: யுக்கா, அகாவே (ஆனைக்கற்றாழையின் பேரினம்) இரண்டின் உயிரணுவிலும் 5 ஜோடி பெரிய குரோமோசோம்கள், 25 ஜோடி சிறியவை. இப்படி ஒரு கணக்கு இரண்டு குடும்பங்களில் தற்செயலாக அமையாது.

குரோமோசோம் ஆய்வில் நமக்கும் பங்குண்டு. தலச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆங்கிலேய மரபியல் அறிஞர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் ‘பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் கோல்சிசினைக் கொண்டு மக்னோலியாக்களின் குரோமோசோம்களை இரட்டிக்கும் ஆய்வைச் செய்தார். செல் பிரிதலைப் பாதியில் நிறுத்தும் அந்த நஞ்சு கோல்சிகம் செடியில் இருக்கிறது. நம் காந்தளிலும் இருக்கிறது. லில்லிக் குடும்பத்தை உடைக்க உதவிய குரோமோசோம் ஆய்வின் கருவிகளில் ஒன்று, அந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே கிடைத்த வேதிப்பொருள்.

அந்த வேதிப்பொருளே ஒரு சாட்சியம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதைக்கு விலை கிடைப்பது கோல்சிசினால். பின்னோக்கி வளைந்த இதழ்களைப் பார்த்தால் காந்தளை லில்லியின் உடன்பிறப்பு என்றே நினைக்கத் தோன்றும். லில்லியில் இந்த நஞ்சு இல்லை. காந்தள், கோல்சிகம், தென்னிந்தியப் புல்வெளிகளில் மழைக்குப் பின் தலைகாட்டும் சிறிய இஃபிஜீனியா ஆகியவை இன்று கோல்சிகேசி என்ற தனிக் குடும்பம்.

நடுவில் ஒரு பின்வாங்கலும் நடந்தது. அமெரிக்கரான ஆர்தர் கிரான்குவிஸ்ட் 1981-ல் அமரில்லிடேசியையே லிலியேசிக்குள் கரைத்துவிட்டார். கற்றாழை, அகாவே, காட்டுக்கொடி ஸ்மைலாக்ஸ் போன்ற சிலவற்றை வெளியே விட்டாலும், எஞ்சியது ஏறத்தாழ 4,000 சிற்றினங்கள் கொண்ட பெருங்கூட்டம். எங்கே கோடு போடுவது என்று தெரியாததால் கோடே வேண்டாம் என்றார் போலிருக்கிறது. அவருடைய மற்ற வேலைகளின் தரம் இதில் இல்லை என்பது என் கருத்து.

விதையின் கறுப்பு

உண்மையான திருப்பம் விதையில் இருந்தது. விதைக் கடையில் வெங்காய விதை வாங்கிப் பாருங்கள்: கன்னங்கரேலென்று, கோணல்மாணலாக, கரித்துண்டுபோல இருக்கும். தண்ணீர்விட்டானின் சிவந்த பழத்தை நசுக்கினால் உள்ளேயும் கறுப்பு விதை. நரிவெங்காயத்துக்கும் கறுப்பு விதைதான். காந்தள் காய் வெடிக்கும்போதோ உள்ளே வரிசையாகச் செம்மஞ்சள் விதைகள். லில்லியின் விதை வெளிர்பழுப்பு நிறத்தில் தட்டையாக, மெல்லிய தாள்போல இருக்கும். அந்தக் கறுப்பு வெறும் நிறமல்ல. விதையுறையின் வெளி அடுக்கில் படியும் ஃபைட்டோமெலான் என்னும் கரிப்பொருள் அது. ஜெர்மானியரான ஹூபர் 1969-ல் இந்த விதையுறை வேறுபாடுகளை விரிவாக ஆராய்ந்து, பழைய லிலியேசிக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கிளைகள் இருப்பதைக் காட்டினார்.

சுவீடனின் ரோல்ஃப் டால்கிரென் அதை முழு வகைப்பாடாக்கினார். கிளிஃபர்ட், இயோ ஆகியோருடன் அவர் 1985-ல் வெளியிட்ட ஒருவித்திலைத் தாவரக் குடும்பங்கள் பற்றிய நூல், பழைய லிலியேசியைப் பல சிறு குடும்பங்களாகப் பிரித்து, பெரும்பாலும் இரு துறைகளில் (துறை என்பது குடும்பத்துக்கு மேலுள்ள அலகு) அடுக்கியது. அஸ்பராகேல்ஸ் துறையில் கறுப்பு விதை பரவலாக உண்டு. தேன் சூற்பையின் அறைச் சுவர்களுக்கு இடையிலுள்ள சுரப்பிகளிலிருந்து கசியும். லிலியேல்ஸ் துறையில் கறுப்பு உறை இல்லை. தேன் பெரும்பாலும் இதழின் அடியில் சுரக்கும். வெங்காயப் பூவில் தேனீ வாய்வைக்கும் இடமும் காந்தளில் தேன் இருக்கும் இடமும் வேறு என்பதைக் கைலென்சு இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். விதிவிலக்குகளும் உண்டு: கிரைனத்தின் சதைப்பற்றான விதையில் கறுப்பு உறை கிடையாது.

பழைய குடும்பத்தின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் வெளிப்பட்டது. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மேல்மட்டச் சூற்பை என்பவை ஒருவித்திலைத் தாவரங்களின் பழைய பொது அமைப்பு. பலர் கைவிட்ட ஒன்றைச் சிலர் கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்காக அந்தச் சிலர் உடன்பிறப்புகளாகிவிட மாட்டார்கள்.

மரபணுத் தீர்ப்பு

1993-ல் மார்க் சேஸும் உடன் ஆய்வாளர்களும் பசுங்கணிகத்திலுள்ள ஆர்பிசிஎல் மரபணுவை ஏறத்தாழ 500 விதைத் தாவரங்களில் ஒப்பிட்டார்கள். டால்கிரெனின் பெரும் பிரிவுகள் பெரும்பாலும் தேறின. 1998-ல் பூக்கும் தாவரங்களின் கிளைவழிக் குழு, சுருக்கமாக ஏபிஜி, தன் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. 2003, 2009, 2016 ஆண்டுகளில் திருத்தங்கள் வந்தன. இதன்படி வெங்காயம் லில்லியைவிட ஆர்க்கிடுக்கு நெருக்கம், இரண்டும் அஸ்பராகேல்ஸ். காந்தளும் ஸ்மைலாக்ஸும் லில்லியின் துறையிலேயே, பக்கத்துக் குடும்பங்களாக இருக்கின்றன.

லிலியேசியில் மிஞ்சியவை லில்லி, டியூலிப், ஃபிரிட்டிலேரியா, காஜியா உள்ளிட்ட 15 பேரினங்கள் அளவே. பெரும்பாலும் வடகோளத்தின் குளிர்ப் பகுதிச் செடிகள். இந்தியாவில் இமயமலையிலும் வடகிழக்கிலும் இவை உண்டு. தாவர ஆய்வாளர் கிங்டன்-வார்ட் 1946-ல் கண்டெடுத்து, 1949-ல் பெயரிடப்பட்ட மணிப்பூரின் சிரோய் லில்லி அவற்றுள் ஒன்று. தென்னகத்துக்கு உரியது நீலகிரி லில்லி: மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் பூக்கும் நீண்ட வெள்ளைக் குழல்பூ. ராபர்ட் வைட் அதைத் தன் ‘ஐகோன்ஸ்’ தொகுப்பின் கடைசித் தொகுதியில் 1853-ல் படத்தோடு வெளியிட்டார். தனிச் சிற்றினமா, இமயத்து லிலியம் வாலிச்சியானத்தின் ஒரு வகையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெங்களூர்ப் பூங்கொத்துகளில் செருகும் லில்லிகள் கலப்பினப் பயிர்கள், கணக்கில் சேராது.

புதிய முறை நிம்மதியான முறை என்று சொல்லமாட்டேன். கற்றாழை இதற்குள் அலோயேசி, அஸ்போடெலேசி, சாந்தோரியேசி என்று சுற்றி, 2016-ல் மீண்டும் அஸ்போடெலேசிக்கே வந்தது. ஹெசரகட்டாவின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், பிரஜ்வல் என்று ரகங்கள் வெளியிட்ட சம்பங்கி, அகாவே பேரினத்துக்குள் கரைந்து, 2020-ல் அகாவே அமிகா என்ற பெயரைப் பெற்றது. முழம் போடும் கைகளுக்கு இதனால் ஒன்றும் குறையவில்லை. 2009-ன் அஸ்பராகேசியோ, சம்பங்கி, தண்ணீர்விட்டான், நரிவெங்காயம், மருள் எல்லாவற்றையும் விழுங்கிய பெருங்குடும்பம். பூவைப் பார்த்து ‘இது அஸ்பராகேசி’ என்று சொல்லவைக்கும் ஒரே ஓர் அடையாளம் அதற்கில்லை. வம்சாவளி சரி, ஆனால் வயலில் நிற்கும் மாணவருக்கு அது 1883-ன் லிலியேசி தந்த அளவு உதவியைக்கூடத் தருவதில்லை. பெயர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவே குடும்பங்களை இணைத்தார்கள். பெந்தாமும் ஹூக்கரும் நாடியதும் இதுபோன்ற வசதியைத்தான்.

இந்திய ஹெர்பேரியங்கள் பலவும் இன்னும் பெந்தாம்–ஹூக்கர் வரிசையிலேயே தாள்களை அடுக்கிவைத்திருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. ஏபிஜி வரிசை 18 ஆண்டுகளில் நான்கு முறை வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான தாள்களை இடம்மாற்றினால் ஒட்டிய மாதிரிகள் நொறுங்கும். அலமாரி பழைய எண்ணிலேயே இருக்கட்டும். உறையின் மேல் இன்றைய குடும்பப் பெயரைப் பென்சிலில் எழுதிவைத்தால் போதும்.