வருகைப்பதிவில் யார் பெயர்?

2020இல் கல்லூரிகள் மூடிக்கிடந்த மாதங்களில் வீட்டிலிருந்தே வகுப்பெடுத்தேன். என் மாணவிகளில் பலர் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண்கள். வருகைப்பதிவுக்காகத் திரையைப் பார்த்தால், அங்கே ஆண்களின் பெயர்கள். அப்பா பெயர், அண்ணன் பெயர். வீட்டுக்கு ஒரே செல்பேசி, அதுவும் ஆணுடையது. "மேடம், அண்ணன் வேலைக்குக் கிளம்புறான், போனைக் கேக்கறான்" என்று எழுதிவிட்டு, பாடத்தின் நடுவே ஒரு பெயர் மறைந்துபோகும்.

எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தாள். வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிய, அவள் ஆண் துறவியின் உருவம் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அளவையியல் கற்றாள். காப்பியம் அவளுக்கு அந்த இடத்தையாவது தந்தது. வரலாற்றிலோ, காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தவன் என்று தாளகுந்தா கல்வெட்டு சொல்வது மயூரசர்மனை.

கணினியின் முன்னோர்களுள் ஒன்று எங்கள் ஊர் வீடுகளில் இன்றும் இருக்கிறது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய தறிப்பெட்டி அது. அட்டையில் துளை இருந்தால் பாவு இழை மேலெழும். இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். சேலையில் மயிலும் அன்னமும் இப்படித்தான் வருகின்றன. அதே துளையிட்ட அட்டையைச் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் இயந்திரத்தின் வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டு, அது எப்படிக் கணக்கிடும் என்று 1843இல் விரிவாக எழுதியவர் அடா லவ்லேஸ். அந்தக் குறிப்புகளின் கீழ் அவருடைய முழுப்பெயர் இல்லை. மூன்று முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. அவர் வாழ்நாளில் இங்கிலாந்தின் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்ணுக்குப் பட்டம் தரவில்லை.

பிள்ளையார்பாளையத்து வீடுகளிலும் இதே கதைதான். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. ஆனால் நெசவாளர் என்றால் வீட்டு ஆண்தான். கூலியும் அவர் கைக்கே போனது.

அதனால்தான் 2011 செப்டம்பர் 15ஐ நான் முக்கியமான நாளாக நினைக்கிறேன். காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2006இல் வந்த இலவசத் தொலைக்காட்சி குடும்பத்துக்கு ஒன்று. மடிக்கணினியோ மாணவருக்கு ஒன்று. வீடும் தறியும் தன் பெயரில் இல்லாத ஒரு பெண், தன் பெயருக்குக் கையெழுத்திட்டு வாங்கிய முதல் இயந்திரம் அதுவாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் அதைத் தம்பி எடுத்துக்கொண்ட கதைகளும் உண்டு. ஆனாலும் அது அவளுடையது என்று சொல்ல ஒரு பதிவேடு இருந்தது.

செல்பேசிக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. சென்னை ஐஐடி இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்ததும் அதே 2020இல்தான். திருமணத்தோடு படிப்பை விட்டவர்களுக்கு இது உண்மையான வாசல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வீட்டிலிருந்தே படிக்கலாமே, எதுக்குக் காலேஜ்?" என்ற கேள்வி மகனிடம் கேட்கப்படுவதில்லை. வீட்டிலிருந்து படிக்கும் மகளின் ஒரு காதில் பாடம், கையில் தார். பேருந்தும் நூலகமும் தோழிகளும் அவளுக்குப் பாடத்தின் பகுதிதான் என்பதை எந்தச் செயலியும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025 தமிழக வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. நாம் கேட்க வேண்டியது, எத்தனை என்பதோடு, வீட்டுக்குப் போன பிறகு அது யார் கையில் இருக்கிறது என்பதையும்தான்.

அந்த 2020 வகுப்பில் ஒருநாள், திரையில் உங்கள் சொந்தப் பெயரை வையுங்கள் என்றேன். ஒரு மாணவி தயங்கினாள். "அண்ணன் திட்டுவான் மேடம்." மறுநாள் அவள் பெயர் திரையில் வந்தது. வகுப்பு முடிந்ததும் பழைய பெயருக்கே மாற்றிவிடுகிறாளாம்.